144 கோட்டுக்குள் சிரிப்பு: கண்டாவளையில் மங்கல் படம் பார்ப்பது பற்றி

பரந்தன் சந்தியில் ஏ-9 வீதியை விட்டு முல்லைத்தீவுப் பக்கம் திரும்பினால் முரசுமோட்டை, கண்டாவளை, தருமபுரம் என்று ஊர்கள் வரும். இந்தப் பக்கத்துச் சனம் இரவில் என்ன பார்க்கிறது என்று கேட்டால் முதலில் சொல்வது நாடகம், அடுத்தது பகிடி. பகிடி என்றால் புதிதாக இருக்க வேண்டும் என்றில்லை. சன் ரீவியில் இருபது வருடத்துக்கு முன் ஓடிய ‘சின்னப் பாப்பா பெரிய பாப்பா’, விஜய் ரீவியின் ‘லொள்ளு சபா’, படங்களில் இருந்து வெட்டியெடுத்த வடிவேலு துண்டுகள், எல்லாம் இன்னும் ஓடுகின்றன. ஓடுவது போனில். அதுவும் தரத்தை வேண்டுமென்றே கீழே இறக்கி வைத்து: 144, கொஞ்சம் தாராளம் என்றால் 240, வைஃபை உள்ள வீட்டில் 360.

இதைப் பற்றி இரண்டு விதப் பேச்சு உண்டு. ஒன்று இரக்கப் பேச்சு: பாவம், வன்னிச் சனத்துக்கு ஒரு நல்ல படம் பார்க்கக்கூடக் கொடுத்துவைக்கவில்லை. மற்றது ஏக்கப் பேச்சு, பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து வருவது: அந்தப் புள்ளி விழுந்த படத்தில் இருந்த சந்தோசம் இப்போதைய 4கேயில் எங்கே? எனக்கு இரண்டிலும் உடன்பாடில்லை. இரண்டு பேச்சும் படத்தோடு நின்றுவிடுகின்றன. நகைச்சுவைத் தொடரின் பாரத்தைத் தாங்குவது எது, மங்கல் படத்தில் அதில் எவ்வளவு தப்புகிறது, தப்பாதது யாருக்கு நட்டம் என்பவைதான் கேட்க வேண்டிய கேள்விகள். என் முடிவை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: பகிடிக்குப் படம் குறைந்தாலும் தாங்கும், ஒலி குறைந்தால் தாங்காது.

முதலில் கணக்கு. இலங்கையும் இந்தியாவும் எடுத்துக்கொண்ட பி.ஏ.எல். முறையில் ஒரு படம் 625 கோடுகளால் ஆனது. கண்ணில் படுபவை 576. வீஎச்எஸ் நாடாவில் பதிந்தால் பக்கவாட்டுத் துல்லியம் ஏறத்தாழ 240 கோட்டுக்கு இறங்கும். வீசீடியில் 352க்கு 288 புள்ளி. பழைய நோக்கியாக்களில் ஓடிய 3ஜீபி கோப்பு 176க்கு 144. இன்று யூரியூப்பில் 144ஐத் தெரிவு செய்தால் கிடைப்பது 256க்கு 144. பொத்தான் போனில் பார்த்தவருக்கும் தொடுதிரையில் பார்க்கிறவருக்கும் படத்தின் உயரத்தில் ஒரு கோடு வித்தியாசம் இல்லை.

இந்த 144 கோட்டுக்குள் ஒரு வரவேற்பறையை வைத்துப் பார்ப்போம். ஆள் முழுதாகத் தெரியும் அகலக் காட்சியில் அவர் திரையின் மூன்றில் இரண்டு பங்கு உயரத்துக்கு நிற்கிறார் என்றால் அவருக்குக் கிடைப்பது 96 கோடு. தலை உடம்பில் எட்டில் ஒன்று. ஆகவே தலைக்கு 12 கோடு. இடுப்புக்கு மேல் காட்டினால் முகத்துக்கு ஒரு 40 கோடு கிடைக்கும், அதில் வாய்க்கு ஆறோ ஏழோ. கேட்கவே பரிதாபமாக இருக்கிறது. ஆனால், 1973இல் பெல் ஆய்வுகூடத்து லியோன் ஹார்மன் ஆபிரகாம் லிங்கனின் முகத்தைச் சில நூறு சாம்பல் நிறச் சதுரங்களாக உடைத்துக் காட்டினார். கண்ணைச் சுருக்கிப் பார்த்தவர்கள் எல்லாரும் லிங்கன் என்றார்கள். தெரிந்த முகத்துக்குக் கொஞ்சப் புள்ளி போதும். தெரியாத முகத்துக்குத்தான் போதாது. 1999இல் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்து உளவியலாளர் மைக் பேர்ட்டனும் குழுவினரும் இதை இன்னும் கறாராகச் சோதித்தார்கள். கண்காணிப்புக் கமராவின் மோசமான படத்தைக் காட்டியபோது, அதில் வந்த விரிவுரையாளர்களிடம் படித்த மாணவர்கள் அவர்களைச் சட்டென்று இனங்கண்டார்கள். முன்பின் அறியாதவர்கள் தடுமாறினார்கள். உடம்பையும் நடையையும் மறைத்தபோது பெரிதாக ஒன்றும் கெடவில்லை. முகத்தை மறைத்தபோதுதான் ஆட்டம் கண்டது.

நகைச்சுவைத் தொடர் என்ற வடிவமே பழகிய முகங்களால் கட்டப்பட்டது. அதே வீடு, அதே சோபா, அதே நாலைந்து பேர். ‘சின்னப் பாப்பா பெரிய பாப்பா’வில் நிரோஷாவும் ஸ்ரீப்ரியாவும் சண்டை பிடிக்கத் தொடங்கும்போது யார் யார் என்று கண்டுபிடிக்கும் வேலை பார்வையாளருக்கு இல்லை. எம்.எஸ். பாஸ்கரின் பட்டாபி வாய் திறந்தால் ஆளைப் பார்க்கவே தேவையில்லை. துப்பறியும் கதை இப்படி இல்லை. மேசையில் கிடக்கும் கடிதத்தையும் கதவிடுக்கில் தெரியும் கையையும் பார்த்தாக வேண்டும். கிரிக்கெட்டும் இப்படி இல்லை. 144 கோட்டில் பந்து எங்கே என்று கேட்டால் வர்ணனையாளரைத்தான் நம்ப வேண்டும். பகிடியில் பந்து வசனத்தில் இருக்கிறது.

தொழில்நுட்பமும் இதற்குத் துணை நிற்கிறது. காணொளியைச் சுருக்கும் முறைகள் ஒவ்வொரு படத்தையும் முழுதாக அனுப்புவதில்லை. முந்தைய படத்துக்கும் இதற்கும் என்ன வித்தியாசமோ அதை மட்டும் அனுப்புகின்றன. அசையாத கமரா, அசையாத சுவர், அசையாத அலுமாரி என்றால் அனுப்ப ஒன்றுமில்லை. கிடைக்கும் சொற்ப அளவும் முகத்துக்கும் கைக்கும் போய்ச் சேரும். அரங்கில் எடுத்த தொடர்கள் குறைந்த டேற்றாவிலும் ஓரளவு துப்புரவாகத் தெரிவதற்கு இதுதான் காரணம். அதே போனில் ஒரு குத்துப்பாட்டைப் போட்டுப் பாருங்கள். திரை முழுக்கச் சதுரம் சதுரமாக உடையும். ‘லொள்ளு சபா’ இரண்டுக்கும் நடுவில் நிற்பது. அது தொடர் கூட இல்லை, படங்களைக் கிண்டலடிக்கும் நிகழ்ச்சி. இயக்குநர் ராம்பாலா சினிமாக் காட்சியை அப்படியே நகலெடுக்கும்போது வெட்டும் வேகமும் கூடும், படமும் கலங்கும். ஆனால் அதில் நடித்த மனோகரின் கைகால் ஆட்டம் மட்டும் எந்தக் கலங்கலிலும் தெரியும். அதை எத்தனை கோட்டில் பார்த்தாலும் மனோகர்தான்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. இந்த வடிவத்தின் வரலாற்றில் ஒரு பெரிய திருப்பமே மங்கல் படத்துக்கு எதிரான சண்டையில்தான் வந்தது. 1951 ஒக்ரோபரில் அமெரிக்காவில் ‘ஐ லவ் லூசி’ ஒளிபரப்பாகியது. அந்தக் காலத்தில் நேரடி நிகழ்ச்சியைத் தூரத்து நகரங்களுக்கு அனுப்ப, தொலைக்காட்சித் திரையையே பிலிம் கமராவால் படம்பிடித்து அந்தச் சுருளைத் தபாலில் அனுப்புவார்கள். படம் சாம்பல் பூசினாற்போல் இருக்கும். லூசில் போலும் தேசி ஆர்னாஸும் ஹொலிவூட்டை விட்டு நியூயோர்க் போக மாட்டோம் என்றார்கள். விளம்பரம் கொடுத்த பிலிப் மொரிஸ் சிகரெட் கம்பனி, கிழக்குக் கரைச் சனத்துக்கு மங்கல் படம் காட்ட மாட்டோம் என்றது. நடுவழியாக, பார்வையாளர் முன்னிலையில் மூன்று கமராக்களால் 35 மில்லிமீற்றர் பிலிமில் எடுப்பதென்று முடிவானது. ஒளிப்பதிவாளர் கார்ல் ஃப்ரொயின்ட் அதற்கேற்ற வெளிச்சத்தை அமைத்தார். அந்தப் பிலிம் பிழைத்ததால்தான் ஒரே தொடரைத் திரும்பத் திரும்பப் போட்டுக் காசு பார்க்கும் வியாபாரமே பிறந்தது. வீடியோ நாடாவில் எடுத்தவை அப்படித் தப்பவில்லை. பிபிசி பழைய நாடாக்களை அழித்து மறுபடி பாவித்த காலத்தில் ‘டாட்ஸ் ஆர்மி’யின் மூன்று அத்தியாயங்களின் படம் போனது போனதுதான், இன்றுவரை கிடைக்கவில்லை.

நம் தமிழ்த் தொடர்கள் இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தவை. 1990களிலும் 2000களின் தொடக்கத்திலும் அவை பிலிமில் அல்ல, வீடியோ நாடாவில்தான் எடுக்கப்பட்டன. அவற்றின் மூலப் பிரதியே 576 கோடுதான். ‘ஃப்ரெண்ட்ஸ்’, ‘சைன்ஃபெல்ட்’ எல்லாம் பிலிமில் இருந்ததால் பின்னாளில் உயர்துல்லியத்துக்கு மாற்ற முடிந்தது. அதிலும் விபரீதம் நடந்தது: அகலத் திரைக்கு விரித்த ‘ஃப்ரெண்ட்ஸ்’ஸில் நடிகருக்குப் பதிலாக நின்ற ஆள் ஓரத்தில் தெரிந்தார், 2021இல் நெற்ஃபிளிக்ஸுக்கு வந்த ‘சைன்ஃபெல்ட்’டில், வீதிக் குழியைப் பற்றிய அத்தியாயத்தில் மேலும் கீழும் வெட்டியதால் குழியையே காணவில்லை. நம்மவற்றுக்கு அந்தக் கவலை இல்லை. ‘எச்டி’ என்று தலைப்பிட்டு ஏற்றியிருக்கும் பழைய தமிழ்த் தொடர், 576ஐ இழுத்துப் பெருப்பித்ததுதான். சதுரப் படத்தைப் பக்கவாட்டில் இழுத்ததால் எல்லாரும் ஒரு சுற்றுப் பருத்திருப்பார்கள். டேற்றாவை எரித்து 1080இல் அதைப் பார்ப்பதில் கண்ணுக்கு வரும் லாபம் சொற்பம். இந்த விசயத்தில் கண்டாவளைக்காரரின் சிக்கனம் சரியான கணக்கு என்றே சொல்வேன்.

இனி ஊர்க் கதை. இலங்கை அரசுத் தொலைக்காட்சியான ரூபவாஹினி 1982 பெப்ரவரியில் தொடங்கியது. அதற்கு மூன்று வருடத்துக்கு முன்னரே ஐ.ரி.என். வந்துவிட்டது. தூத்துக்குடி, திருநெல்வேலிப் பக்கத்தவர்கள் அந்தக் காலத்தில் உயரக் கம்பத்தில் அன்ரனா கட்டி ரூபவாஹினி பார்த்தார்கள். பின்னர் கொடைக்கானலில் தூரதர்ஷன் அஞ்சல் நிலையம் வந்ததும் இந்தப் பக்கம் நாங்கள் கம்பம் நட்டோம். புள்ளி இரண்டு கரையிலும் ஒரே மாதிரித்தான் விழுந்தது. காற்று விழுந்த புழுக்கமான இரவுகளில் கடலுக்கு மேலே வெப்பக் காற்று அடுக்காகப் படிந்து, அலையை வளைத்துத் தூரத்துக்குக் கொண்டுபோகும். அன்றைக்குப் படம் துலக்கமாக வரும். மழைக் குளிரில் ஒன்றும் தெரியாது. எஸ்.வி. சேகரின் ‘வண்ணக் கோலங்கள்’ அப்படித்தான் பாதி படமும் முழு வசனமுமாக இங்கே வந்து சேர்ந்தது.

1990இல் கொக்காவில் இராணுவ முகாம் விழுந்தபோது அங்கிருந்த ஒளிபரப்புக் கோபுரமும் போனது. வன்னிக்கு மின்சாரமும் இல்லை. பொருளாதாரத் தடைப் பட்டியலில் பற்றரியும் எரிபொருளும் இருந்தன. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து மிதியைக் கையால் சுற்றி, டைனமோவில் வரும் மின்சாரத்தில் வானொலி கேட்ட காலம் அது. கேட்டது பெரும்பாலும் செய்தி, பிபிசி தமிழோசை. ஆனால் பகிடியைக் காதால் மட்டும் கேட்டுச் சிரிக்கும் பழக்கம் இந்த நாட்டுத் தமிழருக்கு அதற்கு வெகு முன்னரே வந்துவிட்டது. சானா என்ற சண்முகநாதன் இலங்கை வானொலியில் ‘விதானையார் வீட்டில்’, ‘லண்டன் கந்தையா’ என்று தொடர் நாடகம் போட்டார். ராமதாஸின் ‘கோமாளிகளின் கும்மாளம்’ வானொலியில் கொடிகட்டிப் பறந்து, 1976இல் ‘கோமாளிகள்’ என்று படமாகவும் வந்தது. கே.எஸ். பாலச்சந்திரனின் ‘அண்ணை றைற்’ மேடையில் தனி ஒருவராகச் செய்தது. ஒரு பஸ், அதில் அடைபட்ட சனம், கொண்டக்டரின் குரல். படம் இல்லாமலே பஸ் தெரிந்தது. இந்தக் காதுப் பழக்கத்தோடு வளர்ந்தவருக்கு 144 கோடு குறைவாகத் தெரியாது. வானொலிக்கு மேலே கிடைத்த உபரியாகத்தான் தெரியும். மங்கல் படத்தை ரூபவாஹினியின் வாரிசு என்பதைவிடச் சானாவின் வாரிசு என்பதே பொருத்தம்.

2002 ஏப்ரலில் ஏ-9 திறந்ததும் வீசீடி வந்து குவிந்தது. ஜெனரேற்றர், ரீவி, டெக் மூன்றையும் இரவுக்கு வாடகைக்கு எடுத்து முற்றத்தில் பாய் விரித்துப் பார்ப்பது நடந்தது. வீசீடியின் படம் பி.ஏ.எல்.லில் கால்வாசி. இருட்டுக் காட்சியில் கறுப்பு முழுக்கக் கட்டம் கட்டமாக நிற்கும். ஆனால் அதன் ஒலிக்கு ஒதுக்கியிருந்தது விநாடிக்கு 224 கிலோபிற்று. இன்றைய யூரியூப் மங்கல் படத்தில் படமும் ஒலியும் சேர்ந்தே பெரும்பாலும் அவ்வளவு இல்லை. அந்தக் காலத்தைப் பற்றி வெளிநாட்டில் இருந்து ஏங்குகிறவர்கள் இந்த ஒரு விசயத்தில் சரி. அவர்கள் நினைவில் நிற்கும் சந்தோசத்துக்கு நல்ல ஒலி ஒரு காரணமாக இருக்கலாம். மங்கலாக இருந்ததற்கு அதில் பங்கில்லை.

போர் முடிந்து சனம் முகாம்களில் இருந்து மீண்டபோது கூடவே வந்தது போன். 2011 ஜூனில் கொக்காவிலில் 174 மீற்றர் உயரத்தில் புதுக் கோபுரம் திறந்தார்கள். அதற்கு முன்பே போன் கடைகளில் மெமரிக் காட்டுக்குப் பாட்டும் பகிடியும் ஏற்றிக் கொடுக்கும் தொழில் சூடுபிடித்துவிட்டது. இங்கேதான் ஒலிக்கு முதல் அடி விழுந்தது. 3ஜீபி கோப்புகளில் ஒலியைச் சுருக்கப் பாவித்தது தொலைபேசி அழைப்புக்கென்று செய்த ஏஎம்ஆர் முறை. மனிதத் தொண்டையும் வாயும் எப்படி ஒலி எழுப்புமோ அதையே மாதிரியாக வைத்துக் கணக்குப் போடும் முறை அது. 3,400 ஹேர்ட்ஸுக்கு மேல் எதையும் கொண்டுபோகாது. ஒருவர் தனியாகப் பேசினால் நன்றாகவே விளங்கும். இரண்டு பேர் சேர்ந்து பேசினால் தடுமாறும். அரங்கமே சிரித்தால் அதற்கு என்ன செய்வதென்று தெரியாது, தகரக் கூரையில் மழை கொட்டினாற்போல் இரையும். வடிவேலு தனியாகப் புலம்பும் துண்டுகள் 3ஜீபியில் அத்தனை பரவியதற்கும், பின்னணியில் சனம் சிரிக்கும் தொடர்கள் அவ்வளவாகப் பரவாததற்கும் இது ஒரு காரணமாக இருக்க வேண்டும் என்பது என் ஊகம். வடிவேலுவின் புகழுக்கு மற்றக் காரணங்கள் வேறு. அவரை ஏஎம்ஆரா உயர்த்தியது?

ஒலியின் இந்த முக்கியத்தை ஆய்வாளர்களும் தொட்டிருக்கிறார்கள். உயர்துல்லியத் தொலைக்காட்சி பற்றிய வாதம் சூடாக இருந்த நாட்களில், எம்.ஐ.ரி.யில் டபிள்யூ. ரஸல் நியூமன் ஒரே படத்தை வெவ்வேறு தரமான ஒலியோடு சனத்துக்குக் காட்டினார். நல்ல ஒலியோடு பார்த்தவர்கள் படமே நன்றாக இருந்தது என்றார்கள்.

படம் மங்கும்போது உண்மையில் போவது எது? பேசுகிறவரைவிடக் கேட்கிறவர்தான் முதலில் போகிறார். பகிடியில் பாதி, வசனத்தைக் கேட்டு விழிக்கிறவரின் முகத்தில் இருக்கிறது: ஒரு புருவம், ஒரு விழுங்கல், சிரிப்பை அடக்கும் உதடு. பேசுகிறவருக்கு அண்மைக் காட்சி கிடைக்கும். கேட்கிறவர் பெரும்பாலும் அகலக் காட்சியின் ஓரத்தில், 12 கோட்டுத் தலையோடு நிற்பார். எழுத்துப் பகிடியும் போகும்: கடைப் பலகை, கையில் உள்ள சீட்டு, சுவரில் தொங்கும் படம். நாகா இயக்கிய ‘ரமணி வெர்சஸ் ரமணி’ போன்ற, புருசன் பெண்சாதிக்குள்ளே மெல்லப் போகும் நகைச்சுவைக்கு இந்த நட்டம் கூடுதல். அதில் சத்தம் போடுவது குறைவு, பார்ப்பது அதிகம். சத்தமான பகிடி மங்கலில் பிழைக்கிறது. மெல்லிய பகிடி செத்துப்போகிறது. வருடக்கணக்காக மங்கலில் பார்த்துப் பழகிய சனத்தின் ருசி எந்தப் பக்கம் சாயும் என்று யோசித்தால் எனக்குக் கொஞ்சம் பயமாகவே இருக்கிறது. இப்போது யூரியூப்புக்கென்றே எடுக்கப்படும் நம் ஊர்ப் பகிடிகளில் எல்லாரும் கத்திக் கதைப்பது தற்செயல் இல்லை.

நட்டம் எல்லாருக்கும் சமமும் இல்லை. கண்டாவளையில் எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் அம்மம்மாவும் பேத்தியும் சேர்ந்து பார்ப்பார்கள். போனைச் சீனிப் போத்தலில் சாய்த்து வைத்திருக்கும். அம்மம்மாவுக்குப் போரில் செல் வெடித்த அதிர்ச்சியில் ஒரு காது போய்விட்டது, மற்றதும் மட்டுமட்டு. பக்கத்து வீட்டுப் பெண் வந்து கதைத்தால் வாயைப் பார்த்தே முழுக்க விளங்கிக்கொள்வார். திரையில் அந்த வாய் ஆறு கோடு.

“பிள்ளை, இப்ப ஆர் சிரிச்சது? அவளோ?”

“அவள் இல்லை அம்மம்மா, அது பின்னாலை சனம் சிரிக்குது.”

“என்னத்துக்காம்?”

பேத்தி நிறுத்திவிட்டு வசனத்தைக் காதுக்குள் சொல்வாள். பிறகு அம்மம்மா சிரிப்பார், தொடரும் ஓடத் தொடங்கும். ஒரு அத்தியாயம் முடிய ஒரு மணித்தியாலம் எடுக்கும். நல்ல காதுள்ளவருக்கு மங்கல் படம் வானொலியாக மாறுகிறது. காது கேளாதவருக்கு அது ஒன்றுமாகவும் மாறுவதில்லை. போர் நடந்த மண்ணில் இப்படிக் காது மந்தமானவர்கள் ஒருவர் இருவர் இல்லை. மங்கல் படத்தின் அழகைப் பற்றிக் கட்டுரை எழுதுகிறவர்கள் இவர்களைக் கணக்கில் எடுப்பதில்லை.

அப்படிப்பட்ட கட்டுரைகளில் பெயர்பெற்றது 2009இல் ஹிட்டோ ஸ்டெயர்ல் என்ற ஜேர்மன் கலைஞர் எழுதியது. நகலெடுத்து நகலெடுத்துத் தேய்ந்த ஏழைப் படங்களுக்கு அவர் வக்காலத்து வாங்கினார்: அவை தரத்தை இழந்து வேகத்தைப் பெறுகின்றன, பணக்காரப் படங்கள் போகாத இடத்துக்குப் போகின்றன. நல்ல கட்டுரை. ஆனால் அதே 2009இல் வன்னிக்கு வேறு பாடம் கிடைத்தது. அந்த ஓகஸ்டில் பிரித்தானியாவின் சனல் 4 வெளியிட்ட, போனில் எடுத்த போர்க்காலக் கொலைக் காணொளி பொய் என்று இலங்கை அரசு சொன்னது. கோப்பையும் படத்தையும் கூறு போட்டு வாதாடினார்கள். ஐ.நா.வின் சிறப்பு அறிக்கையாளர் பிலிப் ஆல்ஸ்ரன் மூன்று நிபுணர்களைக் கொண்டு ஆராய்ந்து, அது உண்மையானதாகவே தெரிகிறது என்று 2010 ஜனவரியில் அறிவித்தார். பகிடி பார்க்கிறவர் குறைந்த புள்ளிகளை மனத்தால் நிரப்பிக்கொள்ளலாம். சாட்சி சொல்லும் படத்தில் அப்படி நிரப்ப எவருக்கும் உரிமை இல்லை. மங்கல் நல்லதா கெட்டதா என்று பொதுவாகக் கேட்பது ஏன் வீண் என்பதற்கு இதைவிட வேறு உதாரணம் வேண்டியதில்லை.

பகிடிக்குத் திரும்புவோம். யூரியூப்பில் பழைய தொடர்களைக் களவாக ஏற்றுகிறவர்கள் செய்யும் ஒரு வேலை என்னை எரிச்சல்படுத்துவது. உரிமைக்காரரின் தானியங்கித் தேடலில் அகப்படாமல் இருக்கப் படத்தை இடவலமாகப் புரட்டுவார்கள், சுற்றிவர ஒரு சட்டம் போட்டுச் சிறுப்பிப்பார்கள். அது பரவாயில்லை, ஆள் இடக்கைக்காரர் ஆகிவிட்டார், அவ்வளவுதான். ஆனால் குரலின் சுருதியையும் ஏற்றியோ இறக்கியோ விடுவார்கள். பட்டாபிக்கு அணில் குரல் வந்துவிட்டால் அத்தோடு சரி. எத்தனை கோடு கொடுத்தும் பலனில்லை. முகத்தைப் புரட்டினால் மன்னிக்கிற அதே சனம், குரலை மாற்றினால் அடுத்ததுக்குத் தள்ளிவிடுகிறது.

ஏன் 144? பதில் பில்லில் இருக்கிறது. 22 நிமிட அத்தியாயம் ஒன்றுக்கு 144இல் படம் மட்டும் ஏறத்தாழ 16 மெகாபைற், 360இல் 80 வரை, 1080இல் 400, 500 என்று போகும். 2022 மார்ச் முடிவில் நாட்டில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் மின்சாரம் நின்றது. அந்த செப்ரெம்பரில் போன், இணையக் கட்டணம் 20 வீதமும் கட்டணத் தொலைக்காட்சி 25 வீதமும் கூடியது. கூலி வேலைக்குப் போகிறவர் றீலோட் போட்ட டேற்றாவில் பிள்ளையின் படிப்பும் வெளிநாட்டு அழைப்பும் முதலில், பகிடிக்கு மிஞ்சுவதுதான். ஏன் போனில் என்பதற்கும் பதில் உண்டு: 2018 டிசம்பரில் இரணைமடுக் குளத்தின் வான்கதவு திறந்து கண்டாவளை வெள்ளத்தில் மூழ்கியபோது பெட்டி ரீவியைத் தூக்கிக்கொண்டு ஓட முடியவில்லை, போன் கையோடு வந்தது. தரைவழி டிஜிற்றல் ஒளிபரப்புக்கு 2014இல் ஜப்பானிய முறையைத் தெரிவு செய்த அரசு அதை இழுத்துக்கொண்டே போனது. பெரிய இடங்களிலும் தேவைப்பட்டபோது இதே வைத்தியத்தைத்தான் செய்தார்கள்: 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்ததும் யூரியூப் உலகம் முழுக்கச் சாதாரணத் தரத்துக்கு இறங்கியது, இந்தியாவில் ஓடிடி நிறுவனங்கள் போனுக்கு 480க்கு மேல் இல்லை என்று கூடி முடிவெடுத்தன. அப்போது அதை ஒருவரும் வறுமை என்று சொல்லவில்லை, பொறுப்பு என்றார்கள்.

ஆக, தரத்தைக் குறைக்கும்போது எதை விட்டுவைக்க வேண்டும் என்பதில்தான் நடைமுறைக் கேள்வி இருக்கிறது. படத்தை இறக்கினால் ஒலியும் சேர்ந்து இறங்குவது இன்றைய வழக்கம். 22 நிமிட ஒலியை விநாடிக்கு 64 கிலோபிற்றில் இருந்து 128க்கு ஏற்ற ஆகும் மேலதிகச் செலவு பத்து மெகாபைற். படத்தை ஒரு படி ஏற்றுவதைவிட மலிவு. தரம் தெரிவு செய்யும் பட்டியலில் படத்துக்கு எட்டுப் படி இருக்கிறது, ஒலிக்கென்று தனியாக ஒன்றுமில்லை.

அம்மம்மாவுக்கு அது கூடப் பயன்படாது. அவருக்கு வேண்டியது வசனம் எழுத்தில். படத்தோடு சேர்த்துப் பொறித்த எழுத்து 144இல் கரைந்துபோகும். தனிக் கோப்பாக வரும் வசன எழுத்தைப் போன் தன் முழுத் துல்லியத்தில் வரைந்து காட்டும், படம் எவ்வளவு மங்கினாலும் எழுத்து மங்காது. ஒரு முழு அத்தியாயத்தின் தமிழ் வசனம் நூறு கிலோபைற்றுக்கு மேல் போகாது. 144 கோட்டுப் படத்தில் அது எட்டுப் பத்து விநாடியின் எடை. அம்மம்மா கண்ணாடி போட்டால் பேப்பர் வாசிப்பார். தமிழ்த் தொடருக்கு ஆங்கில வசனம் போட ஆள் வைக்கிற நிறுவனங்கள், தமிழ் வசனம் போடுவது அருமை.